யாரையும் கேட்காமல் காக்ஸ் டவுனிலிருந்து மல்லேஸ்வரம் வரை

மூன்று மாதமாகக் கண் மங்கல். மல்லேஸ்வரத்தில் ஒரு கண் டாக்டரைப் பார்க்கப் போன செவ்வாய்க்கிழமை காக்ஸ் டவுனிலிருந்து கிளம்பினேன். ஆட்டோவில் போயிருக்கலாம். ஆனால் இந்தப் பயணத்தை அமைத்துக் கொடுத்தது என் பேத்தி ஷாலினியின் கம்ப்யூட்டர். அது சரியாக வருகிறதா என்று பார்க்க அவளும் கூட வந்தாள்.

அவள் பிஎச்.டி. செய்கிறாள். (என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. இவள் படிப்பு நிற்கிற மாதிரி தெரியவில்லை.) பஸ், மெட்ரோ, கிளினிக் எல்லாம் இணையத்தில் தனித்தனியாகச் சேவை தருகின்றன, ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாது. எந்தச் சேவை என்ன செய்யும், அதற்கு முன்னால் எது நடந்திருக்க வேண்டும் என்பதைப் பிசகில்லாத விதிகளாக இவள் எழுதுகிறாள். ஆன்டாலஜி என்று பெயர். விதிகள் சரியாக இருந்தால் கம்ப்யூட்டரே மூன்றையும் கோத்து, ஆளை டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிடும். அன்றைக்கு அது நடந்தால் அவள் வேலை முடிந்தது. இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம்.

நிபந்தனை ஒன்றுதான்: வழியில் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது, போகிற இடத்தைச் சொல்லவும் கூடாது. எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

ஒன்பது மணிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ். ஆதார் காட்டினால் பெண்களுக்கு இலவசம். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், பத்து ரூபாய். சம்பிகே ரோட்டில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் வழி மறித்தார். பாட்டி என்பதைக் கன்னடத்தில் அஜ்ஜி என்பார்கள்.

"எங்க அஜ்ஜி போகணும்?"

"சொல்லக் கூடாதுப்பா."

"தாத்தாவுக்குத் தெரியாம கிளம்பிட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே ஒரு கிலோமீட்டர் நடந்தோம். பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட், ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளினிக். கதவு திறந்திருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சுட்டடி!" என்றேன்.

"டாக்டர் ஆபரேஷனுக்குப் போயிட்டாரு. நாலு மணிக்குத்தான் வருவாரு" என்றார் கம்பவுண்டர். "எல்லாரும் எனக்கு ஒரு போன் போட்டுட்டுத்தானே வருவாங்க அஜ்ஜி!"

ஷாலினி முகம் வாடிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "கிளினிக் தொறந்துதானே கெடக்குது? நேரத்துக்கு வந்துட்டோம். சரின்னு எழுதிக்கடி, உங்க கைடு சார்கிட்ட யார் போய் சொல்லப் போறா?"

"கதவப் பாக்கவா ஆயா வந்த?"

பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கிளினிக் திறந்திருந்தால் டாக்டரும் இருப்பார் என்று அவள் விதி எடுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் 'தோல்வி' என்று எழுதினாள். பிறகுதான் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு நாலு மணிவரை காத்திருந்தேன். பார்க்காமல் திரும்புவதாக இல்லை. கண்புரைதானாம், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்.

நீங்களும் போவதானால் மெட்ரோ வழிதான் சுகம். வெயிலுக்கு முன் நடந்துவிடுங்கள். கம்பவுண்டருக்கு மட்டும் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வெள்ளிக்கிழமை தன் சார் முன்னால் ஷாலினி முதலில் காட்டியது, ஆயாவை டாக்டரிடம் சேர்க்காத இந்தப் பயணத்தைத்தான். பேத்தி படிப்பு முடிந்ததா என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். இல்லை, இன்னும் ஆறு மாதம் என்று தலை நிமிர்ந்தே சொல்கிறேன்.