பூஜைக்குத் தேய்த்த கார்

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டிய பழைய காரை அந்தத் தண்ணீரில்தான் கழுவினோம். நல்ல தண்ணீருக்கு ஊருணி வரை நடந்து போய்ச் சுமந்து வரவேண்டும். அதைக் கொண்டுவந்து காருக்கு ஊற்ற எனக்கென்ன கிறுக்கா? "குடிக்கிற தண்ணி மனுசருக்கு, கிணத்துத் தண்ணி காருக்கு" என்று கட்டிவந்த புதிதிலேயே சொல்லிவிட்டேன். மாமியார் கூட அதற்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

உப்பு சும்மா விடுமா? பம்பர், முன்விளக்குகளைச் சுற்றியிருக்கும் வளையங்கள், கதவுகளின் மேல் நீளமாக ஓடும் பட்டிகள் எல்லாவற்றிலும் நிக்கல் பூச்சைப் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது. ஆனாலும் வண்டி நன்றாக ஓடியது. திருச்சுழியைச் சுற்றி எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணம் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பாம்பு கடித்தவனை மடியில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அதன் நிறத்தை யார் பார்த்தார்கள்?

பார்த்தவர்கள் அருப்புக்கோட்டைக்காரர்கள்தான். என் வீட்டுக்காரரின் தங்கையை அங்கே நூல் வியாபாரம் செய்யும் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்களைவிட வசதியான இடம். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர எங்கள் காரிலேயே போனோம். அவளுடைய மாமியார் தெருவில் இறங்கி வந்து, காரை முன்னும் பின்னும் பார்த்தார். "இந்தத் தகர டப்பாவுலயா எங்க வீட்டுப் பிள்ளைய ஏத்திட்டுப் போகப்போறீக?" என்றார். வளைகாப்புக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தி வீட்டில் வாயைத் திறக்க முடியுமா?

தெரு முனை திரும்பும்வரை நாத்தனார் சிரித்த முகமாக இருந்தாள். திரும்பியதும் கை நிறைய வளையல் குலுங்க அழுதாள். வீடு வந்து இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போறப்ப இந்தக் காரு மின்னணும். அந்தத் தெருவே நின்னு பாக்கணும்."

அவ்வளவுதான். தங்கச்சி கேட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் மறுநாளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டார். பம்பரையும் விளக்கு வளையங்களையும் கழற்றி, சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, மதுரைக்குக் கொண்டுபோய்ப் புதிதாக நிக்கல் போட்டு வாங்கிவந்தார். கதவுப் பட்டிகளைக் கொண்டுபோகவில்லை. அவை நீளமானவை, மெல்லியவை. பஸ் மேலே போட்டால் வளைந்துவிடும். அதனால் அவற்றை வீட்டிலேயே சரிசெய்வது என்று முடிவாயிற்று.

பட்டியை மரக்கட்டையின் மேல் வைத்து, துணி சுற்றிய சுத்தியலால் ஒடுக்கு எடுப்பார். பிறகு உப்புத்தாள். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைஸ் தாள். அதற்கப்புறம் சீமெண்ணெயில் நனைத்த துணி. தேய்க்கும்போது ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்பார். நான் ஒரு நாள் அவர் இல்லாத நேரம் பார்த்து, இந்த வேலைக்கு இத்தனை பாடா என்று புளியும் செங்கல்பொடியும் போட்டு ஒரு பட்டியைத் தேய்த்துவிட்டேன். மிச்சமிருந்த நிக்கலும் போய், உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகப் பளிச்சென்று வந்துவிட்டது. அவர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்டி, இதென்ன உங்க அப்பன் வீட்டுக் குத்துவிளக்கா?"

"எங்க அப்பன் வீட்டுக் குத்துவிளக்கு இதவிடப் பளபளப்பு" என்றேன். விடுவேனா?

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் நாத்தனார்தான். "அண்ணே, மதினிய வையாத. தங்கம் கணக்கா இருக்கு. எல்லாத்தையும் இப்படியே தேச்சிருவோம்" என்றாள். தேய்த்தோம். நிறைமாத வயிற்றோடு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பட்டியைத் தொடைமேல் போட்டுத் தேய்ப்பாள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே? தேய்த்து முடித்த இடத்தில் தன் முகத்தைப் பார்த்து, மூக்குத்தியைச் சரிசெய்துகொள்வாள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் காரில் மறுபடி பூட்டினார் என் வீட்டுக்காரர். கார் ஆளே மாறிவிட்டது. அன்றைக்கு மட்டும் நான் ஊருணித் தண்ணீர் கொண்டுவந்து கழுவக் கொடுத்தேன். பூஜையன்று காலையில் மாலை போட்டு, விளக்கு வளையங்களில் சந்தனம் தடவினோம். குங்குமப் பொட்டு வைத்தவள் நாத்தனார். மோதிர விரலால் அழுத்தி, இரண்டு வளையத்திலும் நடுவில் வைத்தாள். பூசணிக்காய் உடைத்து, சாவியைச் சாமி படத்துக்குக் கீழே தட்டில் வைத்தார் என் வீட்டுக்காரர்.

அங்கே வைத்த சாவியை மறுநாள் விஜயதசமி காலையில், மறுபடி சூடம் காட்டித்தான் எடுக்க வேண்டும். நடுவில் எடுத்து ஓட்டினால் வண்டி காவு கேட்கும். வண்டியோட்டுகிறவர்கள் அத்தனை பேரும் இதைச் சொல்வார்கள். இப்படி எடுத்து ஓட்டிய ஒரு லாரிக்காரர் கண்மாய்க்குள் விழுந்து செத்த கதையை என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் சொல்வார்.

அன்று மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்து பார்த்தார். வெயில் தாழும்வரை முயன்றுவிட்டு வெளியே வந்து, "பிள்ளை குறுக்க கெடக்கு. என் கைக்கு ஆகாது. உடனே டவுனுக்குக் கொண்டு போங்க" என்றார்.

வாசலில் கார் மின்னிக்கொண்டு நின்றது.

நான் ஓடிப்போய்ச் சாவியை எடுத்தேன். என் மாமியார் குறுக்கே விழுந்தார். "ஐயோ, சாமி சாவிடீ! வயித்துப்பிள்ளக்காரிய ஏத்தப்போறோம்டீ! காவு கேட்டா யாரக் கேக்கும்?" என்று கத்தினார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. எடுங்க வண்டிய" என்றேன். அவர் சாவியைக் கையில் வாங்கினார். வாசல்வரை வந்துவிட்டார். சத்தியமாக, எடுத்திருப்பார்.

உள்ளே இருந்து அவள்தான் கூப்பிட்டாள். "அண்ணே, வேணாம்ணே. எனக்குப் பயமா இருக்கு. அதுல ஏத்தாதண்ணே. மாட்டுவண்டி கட்டச் சொல்லு. நீ விடிஞ்சதும் பூஜ போட்டுட்டுக் காரக் கொண்டா. பிள்ளையோட அதுல வாரேன்."

அவர் சாவியைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டார். "கூறு கெட்டவுகளா! சாமியா பெரிசு, பிள்ளையா பெரிசு?" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். மருத்துவச்சி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் யாரையும் கேட்டிருக்க மாட்டேன். தெரியவில்லையே! எங்கள் ஊரில் எந்தப் பொம்பளைக்குத் தெரியும்?

சாயங்கால பஸ்ஸும் வரவில்லை. அவர்களும் பூஜை போட்டு நிறுத்தியிருப்பார்கள். பக்கத்து வீட்டு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்து, மாமியாரும் மருத்துவச்சியும் நானும் ஏறினோம்; பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டினார். காரில் போனால் அருப்புக்கோட்டை அரைமணி நேரம்தான். அன்றைக்கு அந்த ரோடு முடியவே இல்லை. மாடுகளைச் சொல்லிக் குற்றமில்லை, அவை முடிந்த மட்டும் இழுத்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் என் கையைப் பிடித்தாள். பிறகு பிடிப்பதை விட்டுவிட்டாள். டவுன் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், வயிற்றுப்பிள்ளையோடு போய்ச்சேர்ந்தாள்.

அந்த இடத்திலேயே ரோட்டோரம் வண்டியை அவிழ்த்துப் போட்டோம். இனி வேகமாகப் போய் என்ன ஆகப்போகிறது? மாமியார் புளியமரத்தடியில் மண்ணில் கிடந்தார். மருத்துவச்சி அவள் கால்களை நேராக்கி, சேலையை இழுத்து மூடினார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கரிசல்காட்டு ரோடு. மறைக்க ஒன்றும் கிடையாது. வெயில் வந்ததும், கார் வருகிற சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே அந்த விளக்கு வளையங்கள் தூரத்தில் மின்னுவது தெரிந்தது. முறைப்படி சூடம் காட்டி, சாவியை எடுத்து, மாலையோடு வந்துகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் மாட்டுவண்டியை அடையாளம் கண்டதும் ஹாரனை அடித்தார். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம் என்று நினைத்திருக்கிறார். சந்தோஷமாக அடித்தார், பாவி மனுஷன். என் மடியைப் பார்க்கும்வரை அடித்தார்.

அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டில்தானே பாடை எடுக்க வேண்டும்? அருப்புக்கோட்டைக்குத்தான் ஓட்டினார். தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். மாலை போட்டு மின்னுகிற காரைப் பார்த்துப் பிள்ளை பிறந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வந்த பெண்களும் இருந்தார்கள். அவளுடைய மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் ஓடிவந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். கதவுப் பட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவள் ஆசைப்பட்டபடி அந்தத் தெருவே நின்று பார்த்தது.

காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பியபின், காரைத் துடைக்க ஈரத்துணியோடு போனேன். வளையத்தில் அவள் வைத்த பொட்டு இருந்தது. அழுத்தி வைத்த விரல் ரேகைகூடத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "அத மட்டும் விட்ருடி" என்றார். விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் அது தானாகக் கரைந்து போயிற்று. அதற்குப்பிறகு கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினார். நிக்கல் மறுபடியும் புள்ளி விழுந்தது. பித்தளைப் பட்டி கறுத்தது. யாரும் புளி எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் சாவியைத் தட்டில் வைத்தார். சூடம் அணைவதற்குள் நான் அதை எடுத்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காவு கேட்டா என்னக் கேக்கட்டும். ராத்திரி யாராச்சும் கதவத் தட்டுனா நீங்க வண்டி எடுக்கணும்" என்றேன்.

அவர் வாசலில் போய்க் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை அங்கேயேதான் இருந்தார். அன்றைக்கு யாரும் வரவில்லை.