லாரியின் முதுகில் ஒரு செம்மறி

நாமக்கல் பட்டறையில் என் முதல் லாரிக்கு பாடி கட்டி முடித்திருந்தார்கள். பின்கதவில் என்ன படம் வரையலாம் என்று பெயிண்டர் கேட்டார். கூட வந்திருந்த என் மகள் முந்திக்கொண்டாள்.

"செம்மறி ஆடு வரைங்கண்ணா."

அவர் பிரஷைக் கீழே வைத்துச் சிரித்தார். "புலின்னா வீரம், கழுகுன்னா வேகம், பசுவும் கன்னும்னா தாய்ப்பாசம். ஆட்டுக்கு என்ன கண்ணு அர்த்தம்?"

"சாதுன்னு அர்த்தம். யாரையும் முட்டாது."

"எங்கூட்டுக் கிடா முட்டித்தான் போன வாரம் நொண்டிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

ஆனாலும் வரைந்தார். காலண்டர்களில் பார்த்திருப்பீர்களே பிள்ளைகளே, வெள்ளை வெளேரென்று, உடம்பெல்லாம் சுருள் முடியோடு, அந்த மாதிரி ஆடு.

"நம்ம பக்கத்து ஆட்டுக்கு ஏதுங்கண்ணா இத்தனை முடி?"

"படத்துல அப்படித்தான் கண்ணு போடோணும். வெள்ளைன்னாத்தான் களங்கமில்லாததுன்னு அர்த்தம்."

"அப்ப செவலை ஆடெல்லாம் தப்புப் பண்ணுச்சுங்களா?"

பெயிண்டர் வெள்ளையை அழித்துச் செவலை அடித்தார். மழமழவென்ற உடம்பு, தொங்கு காது. கடைசியாக நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது எங்கள் வீட்டுக் கிடா! புது வண்டி ரோட்டில் இறங்கும் முன் முனியப்பனுக்குக் கிடா வெட்டுவது எங்கள் வழக்கம். அதற்கென்றே நான் வளர்த்த கிடா அது. அவளுக்கும் அது தெரியும்.

பூசை நாள் வந்தது. வண்டியின் சொந்தக்காரர்தான் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது, வெட்டலாம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது. சொம்போடு நின்றேன். எதிரே வண்டியில் அதே முகம். மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டைத் தின்றுவிட்டு அதன் முகத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக எப்படிப் போவது?

ஊற்றினேன், குளம்பின் மேல்.

"கால்ல ஊத்துனா அது எப்படிங்க மாமா உதறும்?" என்று என் மச்சினன் கத்தினான். "முதுகுல ஊத்துங்க, மசாலா அரைச்சாச்சு!"

பூசாரி என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், லாரியின் பின்கதவைப் பார்த்தார். "உத்தரவு வரலீங்க. பூசணிக்காயை உடைச்சுட்டு வண்டியை எடுங்க."

அரைத்த மசாலா கத்திரிக்காய்க்குப் போனது.

மகள் சொன்ன அர்த்தம் பாதிதான் பலித்தது. வீட்டில் நிற்கும் கிடா மச்சினனைக் கண்டாலே முட்ட ஓடுகிறது. வண்டியில் இருப்பது மட்டும் இன்றுவரை யாரையும் முட்டவில்லை.