வாரத்தில் நான்கு நாள் சுட்ட மீன்

1966ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மாலை, அய்யாத்துரை டிராம்பே ஃபேக்டரியில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது தோளில் பாதித் தகர டிரம்மைச் சுமந்துகொண்டு வந்தார். அதைப் பஸ்ஸில் எப்படி ஏற்றினார், கண்டக்டர் எப்படிச் சம்மதித்தான் என்று தாராவியில் அந்தச் சந்தில் இருந்த யாருக்கும் விளங்கவில்லை. நீளவாக்கில் வெட்டிய டிரம். அடியில் நாலு இரும்புக் கால் பற்றவைத்திருந்தது. மேலே போட ஒரு கம்பி வலையும் இருந்தது.

"என்ன இது?" என்று கேட்டாள் அவர் மனைவி தங்கமயில். சயானில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை அவளுக்கு. அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மீன் சுடுததுக்கு. வாசல்ல வெச்சிக்கிடலாம். இனிமே ராத்திரிக்குச் சுட்டதுதான்."

"ஞாயித்துக்கெழமையா?"

"தெனமும்."

தங்கமயில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. டிரம்மை வாசலில் வைத்துவிட்டு, அது ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து பதின்மூன்று வருஷமாகிறது அவளுக்கு. இத்தனை வருஷத்தில் சாப்பாட்டு விஷயத்தில் அவர் இதுதான் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் வைக்கும் புளிக்குழம்பை மறுநாள் காலையிலும் ஊற்றித் தின்கிற ஆள். எங்கேயோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார், ரெண்டு நாளில் ஆசை தீர்ந்துவிடும் என்று அவள் நினைத்தாள். செம்பூரில் இன்ஜினியர்மார் பங்களாத் தோட்டத்தில் இப்படித்தான் கறி சுட்டுத் தின்பார்கள் என்று அவர் முன்பு எப்போதோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஆசை தீரவில்லை. புதன்கிழமை மூன்று பாங்கடாவோடு, ஊர்ப்பக்கம் அயிலை என்கிற மீனோடு, வந்து நின்றார்.

முதல் வாரம் ஒன்றுமே சரியாக வரவில்லை. கரி பற்ற ஒரு மணி நேரம் ஆனது. பற்றியதும் மீனை வைத்தாள். தீ எழும்பி வெளியே கருகிப்போய், உள்ளே இரத்தம் காயாமல் இருந்தது. திருப்பினால் தோல் முழுவதும் கம்பியோடு போய்விட்டது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சேலைகளெல்லாம் புகை வாடை அடித்தன. சின்னவள் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்து முள் எடுக்கத் தெரியாமல் அழுதாள். பெரியவள் கனகவள்ளிக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. "அம்மா, ஸ்டவ்ல பண்ணா தஸ் மினிட்ல முடிஞ்சிரும். அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள் பம்பாய் இந்தியைக் கலந்து.

தங்கமயிலுக்கும் அதுதான் தெரியவில்லை.

மூன்று வீடு தள்ளி இருந்த மெஹராஜ்தான் வழி சொன்னாள். மேலப்பாளையத்துக்காரி. அவளுடைய சிறிய தகப்பனார் மாஹிமில் கபாப் கடை போட்டிருந்தவர்.

"மயினி, தீ எரியும்போது வைக்கப்படாது. கரி மேல சாம்பல் வெள்ளையா பூத்து வரணும். அதுக்கப்புறம் வையுங்க. வெங்காயத்த வெட்டி எண்ணெயத் தொட்டு வலையில தேச்சிருங்க, ஒட்டாது."

"அதுக்கு எம்புட்டு நேரம் ஆவும்?"

"கரி கனிய முக்கா மணி நேரம். நீங்க அதுக்குக் காவல் இருக்க வேண்டாமே. புள்ளையப் பத்தவைக்கச் சொல்லிட்டா நீங்க வரும்போது கனிஞ்சி இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு வழி பிறந்தது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கவுச்சி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குழம்புதான் வைப்பேன் என்று சொல்லிவிட்டாள். மீதி நான்கு நாள் சுடுவது என்று முடிவானது. விடியற்காலை குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து, தண்ணீர் வருவதற்குள் மிளகாய், மஞ்சள், பூண்டு, புளி எல்லாவற்றையும் உப்போடு அரைத்து உருட்டி வைத்துவிடுவாள். கனகவள்ளி பள்ளிக்கூடம் விட்டு வந்து ஐந்தே காலுக்குக் கரியைப் பற்றவைப்பாள். தங்கமயில் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கோளிக்காரியிடம் மீனை அங்கேயே வெட்டிக் கழுவி வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு வருவாள். மீனைக் கீறி மசாலாவைத் தடவுகிற நேரத்துக்குள் கரி வெள்ளை பூத்திருக்கும். அய்யாத்துரை ஆறே முக்காலுக்குச் சந்துக்குள் நுழையும்போது முதல் மீன் திருப்பியாகியிருக்கும். வாசலிலேயே சமைத்து, வாசலிலேயே தின்று, ஏழரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். உள்ளே புகையும் இல்லை, பாத்திரமும் குறைவு. மார்கழி பிறப்பதற்குள் அவளுக்கே அது பிடித்துப்போனது.

ஆனால் குழப்பம் தீரவில்லை. அவர் குழம்பைத் தொடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசையாக வைத்ததை இரண்டு வாய் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். ரசத்தைத் தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தார். ஒரு நாள் மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து வாழை இலை வாங்கி வந்து, மீனை அதில் பொதிந்து சுட்டாள். பஞ்சு மாதிரி வெந்திருந்தது. மெஹராஜ் ஒரு துண்டு தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அய்யாத்துரை, "எலை வேண்டாம். நல்லாக் கருகட்டும்" என்றார்.

"கருகினா கசக்குமே?"

"கசக்கட்டும்."

அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. என் கைச் சமையல் இவருக்கு அலுத்துவிட்டதா? வேறு எங்காவது சாப்பிட்டுவிட்டு வருகிறாரா? மெஹராஜும் அதையே தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்படியும் சொல்ல முடியவில்லை. ஷிஃப்ட் முடிந்த பஸ்ஸிலேயே அவர் வந்துவிடுகிறார், பசியோடுதான் வருகிறார். மஞ்சள் காமாலையோ என்று கண்ணை இழுத்துப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் எப்போதும்போலப் பிள்ளைகளோடு பேசினார், சிரித்தார். தன்னிடம்தான் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். மறுநாள் அப்படி ஒன்றும் இல்லை என்றும் தோன்றும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. கரி ஈரமாக இருந்ததால் கனகவள்ளி மண்ணெண்ணெயை அள்ளி ஊற்றிவிட்டாள். நெருப்பு கனிந்த பிறகும் அந்த நாற்றம் போகவில்லை. மீன் முழுவதும் மண்ணெண்ணெய். சின்னவள் முதல் வாயிலேயே துப்பினாள். தங்கமயில் வாயில் வைத்ததை எடுத்து எறிந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அய்யாத்துரை இரண்டாவது மீனைத் தின்றுகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார்.

கனகவள்ளி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

பிள்ளைகள் கை கழுவப் போனதும், அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கால் நீட்டியிருந்தார். தங்கமயில் உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்தாள். கட்டிப் பெருங்காயம்; திறந்தால் சந்து முனை வரைக்கும் வாடை தெரியும். ஒரு கட்டியை எடுத்து வந்து அவர் மூக்கின் அருகே பிடித்தாள். அவர் மூச்சு சீராகப் போய்வந்தது. இன்னும் நெருக்கிப் பிடித்தாள். அது மீசையில் உரசியதும் கண்ணைத் திறந்தார்.

"என்னட்டி?"

"இது என்னன்னு சொல்லுங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு மணம் தெரியலியா?"

அவர் நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஆடி மாசத்துலேருந்து" என்றார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஃபேக்டரியில் ஒரு வால்வு கசிந்து மஞ்சள் புகை வந்திருக்கிறது. அங்கே நின்ற மூன்று பேருக்கும் முகத்தைக் கழுவிவிட்டு, மறுநாள் லீவு கொடுத்தார்களாம். மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. இவருக்குச் சளி பிடித்தது போல இருந்திருக்கிறது. சளி போய்விட்டது, மணம் திரும்பவில்லை.

"மொதல்ல உன் சமையல்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பெறகு ரேஷன் அரிசிதான் மாறிப்போச்சுன்னு நெனச்சேன். கேன்டீன்லயும் அப்படியேதான் இருந்துச்சி. குழம்பு ஊத்தித் தின்னா ஈர மண்ணத் தின்ன மாதிரி இருக்கு மயிலு. கருகின எடம் மட்டும் நாக்குல கசப்பாத் தெரியுது, பல்லுல நொறுங்குது. ஏதோ திங்கேன்னு இருக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? எனக்கே விளங்கலியே. காலு இருக்கு, கையி இருக்கு. மூக்கும் இருக்கத்தான் செய்யுது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவருடைய வேலையே வால்வு வரிசையைச் சுற்றி வருவதுதான். எங்காவது கசிந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். அவரே பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"அஞ்சாறு மாசமா மணம் தெரியாமயா அந்த வால்வுக்கிட்ட நின்னிய?"

அவர் தரையில் கிடந்த மீன் முள்ளைப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"ரெண்டு பொம்பளப் பிள்ளையப் பெத்து வெச்சிருக்கோம். அது நெனப்பு இருந்துச்சா ஒங்களுக்கு? கூட நிக்குத ஆளுகளுக்கும் வீடு வாசல் இல்லியா?"

"சொன்னா வெளிய அனுப்பிருவாகன்னு பயந்தேன்."

"அனுப்பட்டும்."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அவரோடு டிராம்பே பஸ்ஸில் ஏறினாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கேட்டுக்கு வெளியே, லாரிகள் போகிற வழியில் இருந்த மரத்தடியில் நின்றுகொண்டாள். அவர் தனியாகப் போனால் சொல்லாமல் திரும்பிவிடுவாரோ என்ற பயம்தான். மத்தியானம்வரை நின்றாள்.

அவர் வெளியே வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு வந்தார். "ஃபோர்மன் நம்பவே இல்ல. ஒரு துணியில எதையோ ஊத்தி மோந்து பாக்கச் சொன்னாரு. தெரியலன்னேன். கண்ணு தெரியலன்னா எழுத ஃபாரம் இருக்காம், காது கேக்கலன்னாலும் இருக்காம். மூக்குக்கு இல்லியாம். என்ன எழுதன்னு அவரு போயி பெரியவருகிட்ட கேட்டாரு, அவருக்கும் தெரியல."

"கடைசியில?"

"ஸ்டோர்ல போட்டிருக்காக. நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்க. திங்கக்கெழமையிலேருந்து."

தங்கமயில் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே நரம்பு அடிபட்டிருக்கிறது, தானாக வந்தாலும் வரும், வராமலும் போகும், எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது என்றார். மருந்து என்று ஒன்றும் எழுதவில்லை. மருந்து இல்லாத நோயை என்ன செய்வது என்று புரியாமல் இருவரும் திரும்பி வந்தார்கள்.

அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். நாக்கும் பல்லும் மட்டும் உள்ள ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தாள். சுட்ட கத்திரிக்காயில் பச்சை வெங்காயத்தையும் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்தாள். ரசத்தில் மிளகைக் கூட்டினாள். மீனை ஓரம் மட்டும் முறுகக் கருக்கி, நடுவை மெதுவாக விட்டாள். அவருக்கு ஓரம், பிள்ளைகளுக்கு நடு. செவ்வாயிலும் வெள்ளியிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கரியில் வெந்தது. மீன் எடுத்த பிறகு வீணாகப் போகிற கனலைப் பார்த்து மெஹராஜ் ஒரு நாள் கறித்துண்டுகளைக் கம்பியில் கோர்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் இன்னொரு வீட்டிலிருந்து அப்பளம் வந்தது. திங்களும் சனியும் கரி மெஹராஜ் வீட்டுப் பொறுப்பு என்று பேச்சானது. சேலை காயப்போடுகிறவர்களும் ஐந்து மணிக்கே எடுத்து மடித்துவிடப் பழகிக்கொண்டார்கள்.

பதினைந்து மாதம் கழித்து, 1968 ஏப்ரலில் ஒரு சாயங்காலம், அய்யாத்துரை தின்றுகொண்டே கையை நிறுத்தினார்.

"ஏட்டி, சாக்கடை நாறுதா?"

வாசலை ஒட்டித்தான் சாக்கடை ஓடியது. தங்கமயில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் அதன் பக்கத்திலேயே இருந்து பழகியதில் அவளுக்கு அது நாற்றமாகவே படவில்லை. மெஹராஜைக் கூப்பிட்டுக் கேட்டாள். மெஹராஜும் மோந்து பார்த்துவிட்டு, "எப்பவும் போலத்தான மயினி இருக்கு? எப்பவும் எப்படி இருக்கும்?" என்றாள்.

"நெசம்மா நாறுதா, எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் கனகவள்ளிதான் சந்து முனைவரை ஓடி, அங்கே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாறுதுப்பா! பகுத் நாறுது, ரொம்ப நாறுது!"

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சாக்கடை ஓரத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். தங்கமயில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் வரவில்லை. சோப்பு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, காப்பி பாதிதான் வந்தது. மல்லிகைப்பூ வரவே இல்லை. குழம்பை மறுபடியும் ஊற்றித் தின்றார். ருசி தெரிந்துதான் தின்கிறாரா, பழைய ஞாபகத்தில் தின்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. மறு வருஷம் கோவண்டிக்குக் குடிபோனபோது டிரம்மைக் கைவண்டியில் கடைசியாக ஏற்றினார்கள். அங்கேயும் வாரத்தில் இரண்டு நாள் சுட்டார்கள்.