ஊதிக் காட்டியவன்

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கோரிமேட்டுச் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம். அங்கே மதுவிலக்கு, சொட்டுக் கிடைக்காது. இந்தப் பக்கம் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷமாகியும் சாராயக்கடைகள் போகவில்லை. அதனால் வேட்டியை மடித்துக் கட்டிய கூட்டம் தினமும் ஊருக்குள் இறங்கும். அந்தக் கூட்டத்துக்கு எதிராக ஒருத்தன் மட்டும் ஊரைவிட்டு வெளியே நடப்பான். அவன் புதுச்சேரியில் சாரம் என்கிற பேட்டையில் குடியிருக்கும் உத்திராபதி, மில்லில் நூல் பிரிவில் வேலை.

"ஏம்பா, கடை அந்தாண்ட இருக்குது. நீ இந்தாண்ட எங்க போற?"

"உடுங்கடா வழிய. மச்சான் மூஞ்சில ஊதப் போறாரு" என்பான் கூட்டத்தில் இன்னொருத்தன்.

"என்னா ஊதுவாரு? நாயனமா?"

கூட்டம் சிரிக்கும். உத்திராபதி தலையைத் தூக்கமாட்டான். தினமும் சிரித்தவர்கள்தான், தினமும் புதிதாகச் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். ஐம்பத்தாறாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள் உத்திராபதி குடித்துவிட்டு வந்து, சோறு ஆகவில்லை என்று அடுப்பிலிருந்த உலைப்பானையைக் காலால் எத்தினான். பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்த மகள் ரஞ்சிதத்தின் வலது காலில் கொதிக்கிற தண்ணீர் கொட்டியது. பிள்ளைக்கு ஐந்து வயசு. முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் கழன்றுவிட்டது. அவன் மனைவி கண்ணகி பிள்ளையை வாழையிலையில் கிடத்தி, மாட்டுவண்டி பிடித்து, எல்லைக்கு அப்பால் வேப்பஞ்சேரியில் இருந்த அண்ணன் பலராமன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து உத்திராபதி போய் அந்த வாசலில் நின்றான். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பலராமன் பேசினான்.

"இனிமே குடிக்கமாட்டேன்னு ஒம்போது தடவ சத்தியம் பண்ணிட்ட மாப்ள. சத்தியம் எல்லாம் வேணாம். ஒரு வருசம், முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளு, தெனம் மில்லு உட்டதும் இங்க வந்து எம் மூஞ்சில ஊது. நாத்தம் இல்லன்னா செவுத்துல ஒரு கோடு போடுறேன். ஒருநாள் வரலன்னாலும் சரி, நாத்தம் அடிச்சாலும் சரி, மறுபடி ஒண்ணுலேருந்து. மழ, காச்சல், சாவு எதுவும் செல்லாது. முடிச்சிட்டா உம் பொண்டாட்டி, புள்ளய நானே வண்டி கட்டி அனுப்புறேன்."

நியாயமான பேச்சு என்று நாலு பேரும் சொன்னார்கள். உத்திராபதிக்கும் அப்படித்தான் பட்டது.

ஆவணி முதல் தேதி ஆரம்பித்தான். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாராயக்கடை. அதன் வாசனை சாலைக்கே வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். போகும்போது, 'ஊதிட்டு வந்து குடிச்சிக்கலாம்' என்று மனசுக்குச் சொல்வான். வரும்போது, 'நாளைக்கும் ஊதணுமே, நாத்தம் நிக்குமே' என்பான். வாழ்நாள் முழுக்கக் குடிக்காமலிருப்பது அவனால் ஆகிற காரியமில்லை. நாளைச் சாயங்காலம் வரை குடிக்காமலிருப்பது ஆகிற காரியம். அதை மட்டும்தான் தினமும் செய்தான். நாலு மாதத்தில் வாசனை இழுப்பது நின்றுவிட்டது. மில் சங்கு ஊதியதும் கால்கள் தாமாகவே எல்லைப் பக்கம் திரும்பின.

ஐப்பசிப் புயலில் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தபோதும் போனான். பலராமன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குள் ஊதச் சொன்னான். மாசியில் காய்ச்சல் கண்டபோது விறகு வண்டியில் படுத்துக்கொண்டு போனான்.

"வந்தது வந்த, மாட்டுத் தொட்டிக்கு நாலு கொடம் சேந்தி ஊத்திட்டுப் போ மாப்ள" என்று ஒருநாள் பலராமன் சொன்னான். மறுநாளும் சொன்னான். மூன்றாம் நாள் சொல்லவேண்டியிருக்கவில்லை. தொட்டிக்குப் பிறகு கத்தரிப் பாத்தி வந்தது. பாத்திக்குப் பிறகு பலராமன் பெண்டாட்டி அஞ்சலாட்சியின் துவைக்கிற தொட்டியும் வந்தது. "தண்ணி சேந்தறதுக்கு ஆளு வெச்சா கூலி கேப்பான். இவரு ஊதவும் ஊதுவாரு, சேந்தவும் சேந்துவாரு" என்று அவள் அக்கம்பக்கத்துக்குச் சொல்லிச் சிரித்தாள்.

ரஞ்சிதத்தின் கால் ஆறி, தோல் சுருங்கி, நடக்கையில் லேசாக இழுத்தது. அவள் மாமன் பிள்ளைகளோடு விளையாடுவாள். ஒருவன் ஊதுவான், மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். உத்திராபதி கிணற்றடியில் நின்று பார்ப்பான். கண்ணகி வெளியே வருவதில்லை. சித்திரையில் மட்டும் ஒருநாள் பிள்ளையிடம் ஒரு செம்பு மோர் கொடுத்தனுப்பினாள். அதைக் குடித்துவிட்டு அன்றைக்கு நாலு மைலும் ஓட்டமாகவே திரும்பி வந்தான்.

ஆடி பிறந்தது. சுவரில் கரிக்கோடு முந்நூறைத் தாண்டி, மூலை வரை வந்துவிட்டது. கண்ணகி தன் தகரப் பெட்டியைத் துடைத்து வைத்திருப்பதாக ரஞ்சிதம் சொன்னாள்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மில்லில் உத்திராபதிக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல்நாள் சாப்பிட்ட சித்திரான்னம் சேரவில்லை. மிஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். பக்கத்து மிஷினில் வேலை பார்த்த பாவாடை என்பவன் தன் டிபன் தூக்கிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்தான்.

"இஞ்சி டிஞ்சர்ப்பா. மருந்துக்கடையில வாங்கினது. எம் பொண்டாட்டி புள்ளைங்களுக்கே குடுக்குறா. ரெண்டு மூடி தண்ணியில ஊத்திக் குடி. நின்னுடும்."

நின்றுவிட்டது. முந்நூற்று ஐம்பத்திரண்டாவது கோட்டுக்காக உத்திராபதி கிளம்பினான்.

புதுச்சேரியில் மூலைக்கு மூலை சாராயம். இஞ்சி டிஞ்சரை மருந்தைத் தவிர வேறாக நினைக்க அங்கே ஒருத்தருக்கும் அவசியமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. கடைகளை மூடியபிறகு அங்கே குடிகாரர்கள் சாராயம் கலந்த அந்த டிஞ்சரைத்தான், ஜிஞ்சர் என்று பேர் சொல்லி, சீசா சீசாவாக வாங்கிக் குடித்தார்கள். அதற்காகவே போலீஸ் பிடித்தது. வேப்பஞ்சேரியில் சின்னப் பிள்ளைக்கும் அந்த வாசனை தெரியும். உத்திராபதி குடித்த காலமெல்லாம் சாராயத்திலேயே கழிந்ததால் அவனுக்கு மட்டும் தெரியாது.

அவன் ஊதினான். பலராமன் கரித்துண்டைக் கீழே போட்டான்.

"ஜிஞ்சரு!"

"வவுத்து வலிக்கு மருந்து, மச்சான். ரெண்டே மூடி. பாவாடைய வேணா கேளு."

"எங்கூர்ல உள்ள போனவன் எல்லாம் வவுத்து வலின்னுதான் சொன்னான்" என்றாள் அஞ்சலாட்சி உள்ளேயிருந்து.

உத்திராபதி பலராமன் காலில் விழுந்தான். பலராமன் அவனைத் தூக்கி நிறுத்தினான். குரலில் கோபமே இல்லை.

"நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியுது மாப்ள. கண்ணு தெளிவா இருக்குது, நட ஒழுங்கா இருக்குது. ஆனா நாத்தம் அடிச்சா ஒண்ணுலேருந்துன்னு நாலு பேரு முன்னாடி பேசினோம். இன்னிக்கு உட்டா நாளைக்கு எம் பேச்சுக்கு என்னா மரியாதி?"

பிறகு ஈரத்துணி எடுத்து, முந்நூற்று ஐம்பத்தொரு கோட்டையும் மேலிருந்து கீழாக, ஒன்றுவிடாமல் துடைத்தான். துடைத்து முடித்ததும், "தொட்டி காலியா கெடக்குது" என்றான்.

உத்திராபதி கிணற்றடிக்குப் போனான். கண்ணகி அங்கே குடத்தோடு நின்றிருந்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசினான்.

"நான் குடிக்கல கண்ணகி."

"தெரியும்."

"அப்ப வா. பெட்டிய எடு. இப்பவே போயிடலாம்."

அவள் கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டுத் தண்ணீர் இழுத்தாள்.

"அண்ணன் அனுப்பாம நான் வந்தேன்னா, இந்தக் கதவு அடைச்சிக்கும். நீ மறுபடி ஒருநாள் குடிச்சா, நான் புள்ளயத் தூக்கிக்கினு எந்த வாசலுக்குப் போவேன், சொல்லு?"

குடிக்கமாட்டேன் என்று சொல்லலாம். அதை ஒன்பது தடவை சொல்லியாகிவிட்டது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவன் தொட்டியை நிரப்பினான்.

திரும்பும்போது சாராயக்கடை முன்னால் நின்றான். கடைக்காரன், "ஒரு வருசமா எதுர போற வர. இன்னிக்காவது உள்ள வா" என்று கூப்பிட்டான். உத்திராபதி யோசித்துப் பார்த்தான். குடிக்கவேண்டும் என்று ஆத்திரத்தோடு ஆசைப்படப் பார்த்தான், ஆசைதான் வரவில்லை. பலராமனைத் திட்டிக்கொண்டு குடிக்கிற சுகம்கூட அவனுக்கு இல்லாமல் போயிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தான். மறுநாள் சங்கு ஊதியதும் கிளம்பினான். பலராமன் சுவரில் முதல் கோட்டைப் போட்டான்.

இரண்டாவது வருஷத்தில் ஒருநாளும் தவறவில்லை. வயிறு வலித்தால் சுருண்டு கிடந்தான், வெந்நீர்கூடக் குடிக்கவில்லை. ஐம்பத்தெட்டு ஆடியில் முந்நூற்று அறுபத்தைந்தும் முடிந்தபோது பலராமன், "ஆடியில பொண்ண அனுப்பக்கூடாது. இன்னும் பதிமூணு நாளு இருக்குது. சும்மாதான இருப்ப, வந்து ஊதிட்டுப் போ" என்றான். பதிமூன்று நாளும் போய் ஊதி, தண்ணீர் சேந்திவிட்டு வந்தான்.

ஆவணி பிறந்ததும் சொன்ன சொல் தவறாமல் பலராமன் வண்டி கட்டினான். கண்ணகியும் ரஞ்சிதமும் சாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் உத்திராபதி மில்லிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வெயில் இருக்கும்போதே வீட்டு வாசலில் நின்றான். கையில் பிள்ளைக்குப் பொரி உருண்டை.

கண்ணகி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் குறுக்கே நின்றாள். முகத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாது இது?"

"கோவிச்சிக்காத. ஞாயித்துக்கிழம அண்ணன் வருவாரு. தெனம் பாத்தியான்னு கேப்பாரு. பாத்தேன்னு நான் சொல்லணும் இல்ல?"

"எத்தினி நாளிக்கு?"

"அத அண்ணன் ஒண்ணும் சொல்லல."

எதிர்வீட்டுக்காரி முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். உத்திராபதி ஊதினான். பலராமன் ஒரு தடவைதான் முகர்வான். கண்ணகி இரண்டு தடவை முகர்ந்தாள். பிறகு வழி விட்டாள்.