பச்சைக் குடத்தில் எழுதிய பெயர்

புது வாடகை வீட்டுக் குழாயைத் திறந்ததும் முதலில் காற்று சீறி, பிறகு துரு வாசனையோடு தண்ணீர் வந்தது. அந்த வாசனையில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் இருந்த சந்து அப்படியே திரும்பி வந்தது. நாற்பது குடங்களை வரிசையாக வைத்தால் முடிந்துவிடுகிற அந்தச் சந்தில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும், எல்லாக் குடமும் ஒரே பச்சை பிளாஸ்டிக், குடம் மாறிச் சண்டை வராத தண்ணீர் நாளே கிடையாது. நான்காம் வகுப்பு படித்த நான், சண்டையை ஒழித்தே தீருவதென்று எல்லாக் குடத்திலும் நெயில் பாலிஷால் பெயர் எழுதினேன். சந்துப் பெண்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த தடவை தண்ணீர் வந்தபோது அம்மாவும் பக்கத்து வீட்டு மேரியக்காவும் ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"ஏலே, நீயே வாசி. யாரு பேரு போட்டிருக்கு?" என்றார் அம்மா.

அம்மா முகத்தைப் பார்க்காமல், "மேரியக்கா" என்றேன்.

"பெத்தவளுக்கு விட்டுக்குடுக்கிறானா பாரு!" என்றபடி அம்மா கையை எடுத்தார்.

"அம்புட்டு நல்லாப் படிக்கிறான் உன் மகன்," என்று சிரித்தார் மேரியக்கா.

அன்று சாயங்காலம் அம்மா தன் குடத்தை என் முன்னால் வைத்து, "இனிமே உன்னையக் கேக்கப் போறதில்ல. என் பேரு எப்படி இருக்கும்னு காட்டு," என்றார். பாண்டியம்மாள் என்ற எழுத்துகளை விரலால் தடவித் தடவியே பழகினார்.

சந்து இப்போது ஒரு ஜவுளிக்கடையின் பைக் ஸ்டாண்ட். அம்மா கையெழுத்துப் போடும்போது மட்டும், தட்டையான காகிதத்திலும், எழுத்துகள் ஒரு குடத்தின் வயிற்றைச் சுற்றிப் போவதுபோல வளைந்தே இறங்குகின்றன.