போதும் என்று அசைத்த கிளாஸ்

அபுதாபியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், கஹ்வா என்னும் அரபுக் கோப்பியை ஊற்றுபவர் நாம் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தின் அடியில் மட்டும் ஊற்றுவார். போதுமென்றால் கிண்ணத்தை இருபுறமும் மெல்ல அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் மீண்டும் ஊற்றுவார். வந்த புதிதில் இது தெரியாமல் அந்தக் கசப்பைக் குடித்துக்கொண்டே இருந்தேன். இப்போது வீட்டில் மனைவி தேநீர் தந்தாலும் என் கை தானாக அசைகிறது.

2006 இலையுதிர் காலத்தில், சுவிற்சர்லாந்தின் வலே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ரூபனைப் பார்க்கப் போனேன். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போனபின் அதுதான் முதற் சந்திப்பு. அங்கே வெள்ளை வைன் பெயர்பெற்றது. ஆனால் பெரும்பகுதியை அந்த நாட்டவரே குடித்துவிடுவதால் வெளியே அதிகம் தெரியாது. செங்குத்தான மலைச்சரிவில், கற்சுவர் கட்டிய படிகளில் திராட்சைக் கொடிகள். பழக்கூடையை முதுகில் சுமந்து ரூபன் ஏற, வெறுங்கையோடு போன எனக்கு மூச்சு வாங்கியது. அபுதாபியில் நான் ஏறுவது லிஃப்டில் மட்டுமே.

மாலையில் தோட்ட முதலாளி நிலவறையில் எங்களை உட்காரவைத்து, 'சான்தே' என்று வாழ்த்தி வைன் ஊற்றினார். இலேசான புளிப்பு; மழை பட்ட கல்லின் வாசனை. சிறிது மிச்சம் இருக்கும்போதே கிளாஸை அசைத்தேன். அவர் முகம் மலர்ந்து மீண்டும் ஊற்றினார். அசைத்தேன், ஊற்றினார்.

"என்ன அண்ணை, இண்டைக்கு முழுப் போத்தலையும் முடிக்கிற எண்ணமோ?" என்றான் ரூபன்.

"டேய், போதுமெண்டுதானடா அசைக்கிறன்! அபுதாபியிலை அதுதான் வழக்கம்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இஞ்சை வாசம் பிடிக்கத்தான் கிளாஸை ஆட்டுறவை. நீங்கள் பெரிய வைன்காரன் எண்டு மனுசன் நினைச்சிட்டார்."

முதலாளி எழுந்து போனபின் ரூபனின் சிரிப்பு நின்றது.

"திரும்பிப் போகாதேங்கோ அண்ணை. இஞ்சையே அகதிக் கேஸ் குடுப்பம். அபுதாபியிலை வேலை முடிஞ்சா விசாவும் முடிஞ்சுது. பிறகு எங்கை போவியள், சண்டைக்குள்ளையோ?"

அவன் சொன்னது சரி. போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை அப்போதுதான் மூடப்பட்டிருந்தது. ஆனால் மனைவியும் மகளும் என் விசாவில்தான் அபுதாபியில் இருந்தார்கள். நான் திரும்பாவிட்டால் அவர்கள் அந்தச் சண்டைக்குள்தான் போக வேண்டும். கேஸ் எத்தனை வருடம் இழுக்கும் என்பது என்னைவிட ரூபனுக்கு நன்றாகத் தெரியும்.

பதிலுக்குக் காத்திராமல் அவன் எனக்கு ஊற்றப் போத்தலைச் சரித்தான். என் கிளாஸ் வெறுமையாக இருந்தது. அதை மெல்ல அசைத்தேன்.

ரூபன் என்னையே பார்த்தான். பிறகு தக்கையை எடுத்து, போத்தலை அழுத்தி மூடினான்.

இப்போதும் அலுவலகத்தில் கஹ்வா ஊற்றுபவர் வந்து நிற்கிறார். கிண்ணம் காலியான பின்னும், ரூபன் மூடிய போத்தல் நினைவில் வர, சில நாட்களில் என் கை அசைவதில்லை. அவர் குனிந்து மீண்டும் ஊற்றுகிறார்.