மணிக்கு எத்தனை லிட்டர்

குவைத்தில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு நான் ஊர் திரும்பினேன். என் கணவருக்கு அங்கே ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய வீட்டின் முன்னால் ஒரு சின்னக் குளம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. விடுமுறையில் வந்து, கொத்தனாரோடு கூடவே நின்று கட்டி முடித்தார். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம். ஓரத்தில் கல்லை அடுக்கி, தண்ணீர் வழிந்து விழ ஒரு மேடை. அல்லி வைத்து, இருபது தங்க மீனையும் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். பம்பு மட்டும் வாங்கவில்லை.

சித்திரை வெயிலில் தண்ணீர் பச்சையானது. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சுத் திணறல் எனக்குப் பார்த்தவுடன் தெரியும். தண்ணீர் சுற்றி விழுந்து காற்றுக் கலக்க ஒரு பம்பு வேண்டும் என்று அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

வீடு கட்டும்போது வாங்கிய ஒரு ஹெச்.பி. மோட்டார் கொல்லையில் சும்மா கிடந்தது. “இது இருக்கையில எதுக்கு சிஸ்டர் புதுசு? மாட்டிவிட்டா பிச்சுக்கிட்டு ஊத்தும்” என்றார் அவர்.

ஊற்றத்தான் செய்தது. பாதித் தண்ணீர் குளத்துக்கு வெளியே தெறித்தது. அல்லித் தொட்டி கவிழ்ந்தது. ஒரு மீன் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். மீன் பிழைத்துவிட்டது.

“ஒரு வால்வு போட்டு அடக்கிடலாம் சிஸ்டர்.”

“அடக்கி அடக்கி ஓட்டறதுக்கு அவ்வளவு பெரிசு எதுக்குங்க? கழட்டுங்க.”

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குளத்துத் தண்ணீர் முழுவதும் பம்பு வழியாகச் சுற்றி வந்தால் போதும் என்று குவைத்தில் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டுக் கணவர் போனில் சொன்னார். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு பாட்டில் மருந்து எத்தனை மணி நேரத்தில் ஏற வேண்டும், அதற்கு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று தினமும் கணக்குப் போட்டவள் நான். குளத்தை டேப் வைத்து அளந்தேன். நூற்றிருபது கன அடி. கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர் என்றால் மூவாயிரத்து நானூறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, மணிக்கு ஆயிரத்து எழுநூறு லிட்டர் போதும்.

மயிலாடுதுறையில் பம்புக் கடையை ஒரு பெண் நடத்திவந்தார். என் வயதுதான் இருக்கும். கணவர் சிங்கப்பூரில்.

“எத்தனை ஹெச்.பி. வேணும்?”

“ஹெச்.பி. கணக்கு வேண்டாங்க. மணிக்கு ஆயிரத்து எழுநூறு லிட்டர் இறைக்கறது வேணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இப்படி யாரும் கேட்டதில்லீங்க” என்று சிரித்து, தண்ணீருக்குள்ளேயே வைக்கிற சிறிய பம்புகளை எடுத்து வைத்தார். பெட்டி முழுக்க சீன எழுத்து, எண்கள் மட்டும் புரிந்தன. “தண்ணி எவ்வளவு உயரம் ஏறணும்?” என்றும் கேட்டார்.

“மேடை சின்னதுதாங்க” என்று சொல்லி, இரண்டாயிரம் என்று போட்டிருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டியபோது மேடையிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி மெலிதாக ஒழுகியது. பதினைந்து லிட்டர் வாளியை அடியில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. முப்பத்திரண்டு வினாடியில் நிறைந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்தது நான்தான்.

இந்தத் தடவை நீர்மட்டத்திலிருந்து மேடை விளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டு, பம்பையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனேன். நாலடி. கடைக்காரப் பெண் பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். “இதுல போட்டிருக்கற ரெண்டாயிரம் ஏத்தமே இல்லாம வர்ற தண்ணிங்க. உயரம் ஏற ஏற குறைஞ்சுகிட்டே வரும். இந்தாங்க, கோடு போட்டிருக்கான் பாருங்க.” நாலடி உயரத்துக்கு எது சரிப்படும் என்று இருவரும் அந்தக் கோட்டில் விரல் வைத்துப் பார்த்தோம். மூவாயிரத்து ஐநூறு போட்டிருந்த பம்பு ஒத்துவந்தது. அரை அங்குல டியூபை விட்டு ஒரு அங்குலம் போடச் சொன்னார். பழைய பம்பை முகம் சுளிக்காமல் மாற்றிக்கொடுத்தார்.

வாளி முப்பது வினாடிக்குள் நிறைந்தது. பம்புக்குக் கரண்டு ஒரு குண்டு பல்பு அளவுக்குத்தான். கரண்டு போனாலும் இன்வெர்ட்டரில் ஓடியது. ஒரு வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை நிறுத்தின.

அடுத்த விடுமுறையில் கணவர் வந்து, பெட்டியை இறக்கி வைத்த கையோடு குளத்தடிக்குப் போனார். வெகு நேரம் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பெரிசா போட்டிருந்தா அருவி மாதிரி கொட்டுமே” என்றார்.

“மீனுக்கு அருவி வேண்டாங்க” என்றேன்.

அவர் கையை விட்டுத் தண்ணீரின் வேகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைக் குளத்துக்குள் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மீன்கள் அவர் விரல்களைக் கொத்தத் தொடங்கின.